அத்தை கொண்டுவந்த பிரேம்

எங்கள் வீட்டு அலுமாரியின் நடுத்தட்டில் படம் இல்லாத ஒரு பிரேம் கிடக்கிறது. ஓரத்தில் பொன் வர்ணம் பூசிய மரப் பிரேம். கண்ணாடியில் இன்னும் ஒரு கீறல் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது பார்த்துவிட்டால், "சும்மா கிடக்குதே, ஏதாவது படத்தப் போட்டு மாட்டக்கூடாதா?" என்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். நான் எழுதுவினைஞராக இருந்த நீதிமன்றத்துக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒருநாள் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துவந்த பிரேம் அது.

அத்தை கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. நான் பிறப்பதற்கு முன்பு, அங்கே குழந்தைகளுக்கு வந்த பால்மா குறைந்துபோனது. அத்தைதான் எடுத்து விற்றாள் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பொலிசில் சொல்ல, விஷயம் நீதிமன்றம்வரை போனது. அத்தையை விட்டுவிட்டார்கள். ஆனால் கணக்கப்பிள்ளை திரும்பி வந்து, "பொம்பளப் புள்ளன்னு பாவம் பார்த்து நீதவான் ஐயா மன்னிச்சு விட்டுட்டாரு" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டார். பச்சைக் குழந்தையின் பாலைத் திருடியவள் என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பெண் கேட்டு வந்த ஒரே குடும்பமும் வாசலோடு போய்விட்டது.

எங்கள் வீடு மட்டும் என்ன யோக்கியம்? அத்தை வருகிறாள் என்று தெரிந்தால் அம்மா பால்மா டின்னை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள். அப்பா பார்த்தும் பார்க்காதது போல முற்றத்துக்குப் போய்விடுவார். "எனக்குப் பிளேன்டீயே போதும்மா, பால் ஒத்துக்காது" என்று அத்தை வாசற்படி ஏறும்போதே முந்திக்கொண்டு சொல்வாள். சிறுவயதில் அதை நான் உண்மை என்றே நம்பியிருந்தேன். வளர்ந்து விவரம் தெரிந்த பிறகும், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

படித்து முடித்ததும் நீதிமன்றத்தின் பழைய வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. தூசியும் பூச்சி மருந்து வாடையுமாக ஒரு நீண்ட அறை. காணி வழக்கு என்றால் கட்டைத் தொடவே மாட்டோம், எத்தனை தலைமுறை போனாலும் அது இராக்கைத் தட்டிலேயே இருக்கும். சில்லறைக் களவு, வாய்ச்சண்டை, அடிதடி இவையெல்லாம் குறித்த காலம் முடிந்ததும் வழக்கு எண்ணை மட்டும் பதிந்துகொண்டு எரித்துவிடுவதுதான் முறை. இடம் வேண்டுமே. அந்த முறை எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வேலையில் சேர்ந்து சில மாதத்தில் அத்தை வந்தாள். இரண்டு பஸ் மாறி, கலியாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. மார்போடு எதையோ அணைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "என் கேஸு இங்கதான் இருக்குமா புள்ள?" என்று கேட்டாள். எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைப்பு. பாவம், அந்தக் காகிதம் என் கண்ணில் படும் என்று பயந்து வந்திருக்கிறாள்! ஓடிப்போய்ப் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல செய்தி சொல்கிறவளாகத் திரும்பி வந்தேன்.

"பயப்படாதீங்க அத்தை. அத எப்பவோ எரிச்சாச்சு. இனி யாராலயும் பார்க்க முடியாது."

"எரிச்சுட்டாங்களா?" என்றாள் அத்தை. "அதுலதானே புள்ள, நான் எடுக்கலன்னு எழுதியிருந்துச்சு?"

பிறகு அத்தை சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. யாரும் அவளை மன்னித்து விடவில்லை. அவள்மேல் குற்றமே இல்லை என்றுதான் நீதவான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தில் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் முதலியார் அதை அவளுக்கு இரண்டு தரம் சொல்லி அனுப்பியிருக்கிறார். தோட்டத்தில் அவள் பேச்சை யார் கேட்டார்கள்? "எனக்குக் கோட்டுப் பாஷையும் தெரியாது, கேட்டு வாங்கித் தர ஆளும் இல்ல. நீ இங்க வேலைக்கு வந்துட்டன்னு தெரிஞ்சதும்தான் தைரியம் வந்துச்சு. அந்தத் தீர்ப்புக்கு ஒரு கொப்பி எடுத்து இதுல போட்டு, வாசலப் பார்த்த மாதிரி மாட்டலாம்னு..." என்று பத்திரிகைத் தாளைப் பிரித்துப் பிரேமைக் காட்டினாள். "பேப்பரோட வாறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேனே. இப்ப வெறுங்கையோட போனா என்ன சொல்லுவாங்க?"

அன்றிரவு அவள் எங்கள் வீட்டில் தங்கினாள். பிளேன்டீ குடித்தாள். காலையில் கலஹா பஸ்ஸுக்குப் போகும்போது, "இத நீயே வச்சுக்க, எனக்கு இனி எதுக்கு?" என்று பிரேமை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "அப்படியா சொல்றாங்க? அதுக்குக் கடுதாசி இருக்கா?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எந்த முகத்தோடு கோபப்படுவது? எரித்தாயிற்று என்று நான் சந்தோஷமாகச் சொன்னபோது, எரிந்தது அத்தையின் களவு என்றுதானே நானும் நினைத்திருந்தேன். அவளிடம் ஒரு தடவைகூட, நீங்கள் எடுத்தீர்களா என்று கேட்காமலே நம்பியிருந்தேன்.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. அம்மாவும் இல்லை. நீதிமன்றத்தில் இப்போது தீர்ப்புகளைக் கணினியில் ஏற்றி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், நல்ல காரியம்தான். பிரேம் கிடக்கிற நடுத்தட்டு, அம்மா பால்மா டின்னை வைத்துப் பூட்டிய தட்டு. டின் இப்போது மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படிதான் இருக்கிறது. அத்தைக்கு ஒரு பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கலாம் என்றால், அவள்தான் இல்லை.