எடை குறைக்கப் போன பகலவன்

வியாசர்பாடியில் பாக்ஸர் பகலவன் வீடு எது என்று கேட்டால் இன்றைக்கும் யாரும் வழி காட்டுவார்கள். ரிங்கை விட்டு இறங்கித் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனை இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. மனைவி எழில்மொழி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அது அவர் அடிவயிற்றில் குடியேறிச் சில வருஷங்கள் ஆகின்றன.

போன செக்கப்பில் டாக்டர் ரூஹி, "எடை ஏறிக்கிட்டே போகுதே" என்று கடிந்துகொண்டார். பாக்ஸர் சும்மா விடுவாரா? அடுத்த செக்கப்புக்கு முந்தின நாள், போட்டிக்கு எடை பார்க்கும் முன் அந்தக் காலத்தில் என்ன செய்வாரோ அதையே செய்தார். சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினார். வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி மெஷினில் எடை குறைந்திருந்ததைப் பார்த்து முகமெல்லாம் பல்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கிரியாட்டினின் ரொம்ப கூடியிருக்கு. உடம்பு இந்தக் கிட்னியை எதிர்க்குதோ என்னவோ. ஊசி வழியா அதுல துளி சதை எடுத்துப் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழில்மொழி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "நான் குடுத்ததுதான் சரியில்லியா, டாக்டரம்மா?"

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். பகலவனுக்குக் கேள்விதான் வரும்.

"கிட்னி வயித்துல கீது. நீங்க கைல ரத்தம் எடுத்தீங்க. அது ஒழுங்கா வேலை செய்யுதா இல்லியான்னு எப்டி கண்டுபுடிச்சீங்க?"

"நேரா அளக்கலை. கணக்குப் போட்டு ஊகிக்கிறோம். தசையிலேர்ந்து தினமும் கொஞ்சம் கழிவு வரும், அதுதான் கிரியாட்டினின். கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளும். ரத்தத்துல எவ்வளவு தங்கியிருக்குன்னு பார்த்து, வயசையும் சேர்த்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு ஒரு மதிப்பு போடுறோம்."

"வேற எதுனாலயாவது அது ஏறுமா?"

"ஏறுமே. நிறைய கறி சாப்பிட்டா ஏறும், உடம்பைப் போட்டு வருத்தினா ஏறும், தண்ணி குடிக்காம இருந்தா..."

பகலவன் தொண்டையைச் செருமினார். முந்தின நாள் கூத்தை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். டாக்டர் பேனாவை மேஜையில் போட்டார்.

"இன்னொருத்தர் கிட்னியோட வாழுறவர் செய்யற வேலையா இது? போய் நல்லா தண்ணி குடிங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பார்ப்போம். அப்பவும் இறங்கலைன்னா சதை எடுத்தே ஆகணும்."

அந்த இரண்டு நாளும் எழில்மொழி அவரோடு பேசவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நகரவும் இல்லை.

மறு பரிசோதனையில் கிரியாட்டினின் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. பகலவனுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு வந்ததும், "பாத்தியா எழிலு, உன் கிட்னிக்கு ஒன்னியும் ஆவல!" என்றார்.

அவள் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தாகம் எடுத்தா கேக்கறதுக்கு வாய் கீது. அது இன்னாய்யா பண்ணும்? என்கிட்ட இருந்த வரைக்கும் அத்த ஒரு நாளு நான் காய வுட்டதில்ல."