அழகாய் வந்துவிட்ட படிக்கட்டு

அழுதுகொண்டே வந்த தங்கையை ஜன்னல் ஓரமாக நகர்த்தி உட்காரவைத்து, முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான், "இப்ப சொல்லு, என்ன ஆச்சு?" என்றாள் டைரக்டரம்மா. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேலைய விட்டு நின்னுட்டேன்க்கா" என்றாள். அதற்கு அக்காவிடமிருந்து வந்த முதல் ஆறுதல், "இரு, ஃபேன் சத்தம் கேக்குது. நிறுத்திட்டு வரேன், மறுபடி சொல்லு" என்பதுதான். தங்கைக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கதையைக் குடியிருப்பு முழுக்கப் பரப்பியது தங்கை இல்லை, டைரக்டரம்மாவேதான். தன்னைக் கேலி செய்யும் வேலையை அவள் அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

பெயருக்குத்தான் டைரக்டரம்மா. கதாநாயகனும் கிடையாது, பாட்டும் கிடையாது. சமூகத்துக்கு நல்லது செய்யும் குறும்படங்கள்தான் எடுப்பாள். தலைக்கவசம், தடுப்பூசி, குப்பையைத் தரம் பிரிப்பது, சோப்பு போட்டுக் கை கழுவுவது. "உலகத்தைத் திருத்தறேன்னு இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைய விட்டுட்டு வந்தேன். இத்தனை வருஷத்துல நாலு பேரை ஒழுங்கா கை கழுவ வச்சிருக்கேன். அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர்" என்பாள். அவளுடைய அம்மா சொந்தக்காரர்களிடம் "டிவில வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறாள். எந்த சேனல் என்று யாராவது குடைந்தால், "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்" என்று சமாளித்துவிடுவாள்.

சமூக சேவை சோறு போடாத மாதங்களில் கல்யாண வீடியோ எடுக்கப் போவாள். அங்கேயும் சேவை விடாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா படத்தில் எங்குமே இல்லை. பின்கட்டில் பாத்திரம் கழுவிய பெண்கள் மட்டும் சாவகாசமாக, இசையோடு வந்தார்கள். "எங்க பெரியப்பாவை எங்கேம்மா காணோம்?" என்று கேட்டவர்களிடம், "அவர் சும்மா உக்காந்திருந்தாருங்க, இவங்கதான் வேலை செஞ்சாங்க" என்று உள்ளதைச் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

அவள் குடியிருப்பது முதல் மாடி. ஆறாவது மாடியில் தையல்காரக்கா தனியாக இருக்கிறாள். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவள். லிஃப்ட் பழுதாகி ஒரு வருஷமாக அசையவில்லை. "இறங்கிப் போறது பரவால்லம்மா. திரும்பி வர்றப்ப பாத்தா மாடி வளந்து நிக்குது" என்று ஒரு நாள் அவள் சொன்னதைக் கேட்டதும் டைரக்டரம்மாவுக்குக் கை பரபரத்தது. இந்தக் கஷ்டத்தைப் படமாக்கி நிர்வாகக் குழுவுக்குப் போட்டுக் காட்டினால் லிஃப்ட் ஓடாமல் எங்கே போகும்?

எடுத்தாள். காற்றுக்காகச் சுவரில் விட்ட துளைகள் வழியே காலை வெயில் படிக்கட்டில் பொட்டுப் பொட்டாக விழும். அதைப் பார்த்ததும் புத்தி பிசகிவிட்டது. கைப்பிடியில் ஊரும் விரல்கள், சுவரில் நீளும் நிழல், பின்னால் ஒற்றைப் புல்லாங்குழல். படி ஏறுவது எவ்வளவு கொடுமை என்று காட்டக் கிளம்பியவள், "அக்கா, ஒரே ஒரு தடவை, வெயில் இப்பதான் சரியா விழுது" என்று அந்த அக்காவையே திரும்பத் திரும்ப ஏறவிட்டாள். "வெயிலையும் சேத்துத் தூக்கிட்டு ஏறணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு ஏறினாள் அவள்.

படம் ஏதோ ஒரு விழாவில் ஒளிப்பதிவுக்காகப் பரிசு வாங்கியது. குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "நம்ம படிக்கட்டு இவ்ளோ அழகுன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!" என்று உருகினார். பரிசு வாங்கிய படிக்கட்டு அழுக்காக இருக்கலாமா? லிஃப்டுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். டைரக்டரம்மாவைக் கேட்டுத்தான் நிறம்கூடத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிர் மஞ்சள். "எல்லாரும் பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கு பிடிப்பாங்க. நான் குரங்கு பிடிக்கப் போயி பிள்ளையார் பிடிச்சு, அதுக்குப் பெயிண்டும் அடிச்சிட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு, தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போன அன்று நின்றது. "இனிமே வாரத்துல ரெண்டு நாள் போதும்னு விட்டுட்டேன்மா. டாக்டர் திட்டறாரு. அவரா வந்து ஏறப்போறாரு?" என்றாள் தையல்காரக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, சாதாரணமாக. டைரக்டரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு நாள் குறைத்தால் என்ன ஆகும் என்பது, அந்த ஆஸ்பத்திரிக்கே விளக்கப்படம் எடுத்துக் கொடுத்தவளுக்குத் தெரியாதா?

"அக்கா, அடுத்த தடவை ஆஸ்பத்திரிலேருந்து வர்றப்ப, எப்பவும் எப்படி ஏறுவீங்களோ அப்படியே ஏறுங்க. நான் பின்னாலயே வரேன். வாயத் தொறக்க மாட்டேன்."

"நீயா?" என்றாள் தையல்காரக்கா.

அன்றைக்கு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை பார்க்கும் டைரக்டரம்மாவின் கணவரும் கூட வந்தார். "படம் அழகா வந்துடுமோன்னு பயப்படற டைரக்டரை இப்பதான் பாக்கறேன்" என்றார். தையல்காரக்காவின் பையை அவர் வாங்கிக்கொண்டார். வாங்குகிற மூச்சைத்தான் யாராலும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டாம் மாடியிலேயே சுவரைப் பிடித்தாள். நான்காம் மாடியில் உட்கார்ந்துவிட்டாள், தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு. சரியாக அப்போது பார்த்து வெயில் வந்து அவள் தோளில் விழுந்தது. இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தால் போதும், இன்னொரு பரிசு. டைரக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெட்டாமல், ஒட்டாமல், புல்லாங்குழல் இல்லாமல், அந்தப் படத்தை நிர்வாகக் குழுவின் அறையில் போட்டாள். திரையில் ஒரு முதுகு, மஞ்சள் சுவர், மூச்சுச் சத்தம். அவ்வளவுதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் குஞ்சு அவளுக்கே பொன்னாகத் தெரியவில்லை. கோணலாக இருந்தது, இருட்டாக இருந்தது, முடிகிற வழியாகவும் இல்லை. கத்தரிக்கோலுக்காகக் கை அரித்தது. மூன்றாம் மாடி வரும்போது பொருளாளர் கொட்டாவியை மறைத்தார். நான்காம் மாடியில் தையல்காரக்கா உட்கார்ந்ததும் படமே நின்றுவிட்டது போலிருந்தது. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒருவர் தண்ணீர் குடித்தார்.

"புரிஞ்சுபோச்சும்மா. கொஞ்சம் ஓட்டி விடுங்க" என்றார் தலைவர். அவர் குரலில் உருக்கம் இல்லை, தவிப்பு இருந்தது.

"அவங்களால முடிஞ்சா அவங்களும் ஓட்டித்தான் விட்டிருப்பாங்க சார்" என்றாள் டைரக்டரம்மா.

தலைவர் மேஜைமேல் இருந்த ரிமோட்டை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அதை எடுத்துத் தன் நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.