கல்யாணராமன் கேட்காத கச்சேரி

கல்யாணராமனை மட்டாஞ்சேரியில் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் எர்ணாகுளத்திலோ திருப்பூணித்துறையிலோ எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. இரண்டாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. பாடுகிறவர் ஆலாபனையில் ஒரு நல்ல இடத்தைத் தொட்டால் அரங்கத்தில் முதலில் ஆடுகிற தலை அவருடையது. பஜார் ரோட்டில் மிளகும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பூர்வீகம் பாலக்காடு. நான் அவருக்குப் பக்கத்து வீடு. பல வருஷமாக அவரோடு கச்சேரிக்குப் போய் வருகிறேன். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவர் நல்ல ரசிகர். நல்ல கணவர் என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

மகள் தன்யா பிறந்தபோது அவர் சென்னையில் டிசம்பர் சீசனில் இருந்தார். சபா கேன்டீன் வரிசையில் நிற்கும்போது செய்தி வந்ததாம். "ஒடனே கெளம்பி வந்துட்டேன்" என்பார். "சாயங்காலக் கச்சேரி முடிஞ்சு" என்று அவர் மனைவி ஸ்வர்ணலதா மாமி திருத்துவார். சிரித்துக்கொண்டேதான் திருத்துவார். அந்தச் சிரிப்பைக் கண்டு இது தமாஷ் விஷயம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாமியும் பாடக்கூடியவர். பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் பாடிய ஸஹானா ராகத்தைக் கேட்டுவிட்டுத்தான் இவர் வேறு எதுவும் விசாரிக்காமல் சரி என்றாராம். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஸஹானா எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. ஒருவர் கச்சேரிக்குப் போனால் இன்னொருவர் குழந்தைகளோடு வீட்டில் இருக்க வேண்டுமே. போவது யார், இருப்பது யார் என்பதில் அந்த வீட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

கொரோனா வந்து சபாக்களை மூடியபோது, இனியாவது மனுஷர் வீட்டில் இருப்பார் என்று மாமி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கக் கூடும். இருந்தார். ஆனால் கச்சேரிகள் போனுக்குள் வந்துவிட்டன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வெங்கிடேஷ், அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாக வயர் இல்லாத இயர்பட் ஒன்றை வாங்கி அனுப்பினான். கெட்டது குடி. காலையில் சென்னைக் கச்சேரி, மத்தியானம் பழைய ரேடியோ பதிவு, விடிந்தால் அமெரிக்காவிலிருந்து நேரலை. அவருக்கு ஸைனஸ் தொல்லை உண்டு. குளித்ததும் காதை மூடித் தலையில் ஒரு தோர்த்தைக் கட்டிக்கொள்வார். துண்டுக்குள் இயர்பட் இருக்கிறதா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். "தேங்கா தீந்துபோச்சு" என்று மாமி சொன்னால் ஆனந்தமாகத் தலையாட்டுவார். தேங்காய் வராது.

அவருடைய இன்னொரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும். மேடையில் பாடுகிறவர் தாளத்தை முந்தி ஓட ஆரம்பித்தால் இவர் வாயைத் திறக்க மாட்டார். தொடையில் சற்று அழுத்தமாகத் தாளம் போடுவார், பாடுகிறவர் கண்ணில் படும்படியாக. பழைய ரசிகர்கள் இப்படிச் செய்வதுண்டு. திருப்பூணித்துறையில் ஒரு இளம் பாடகி இவருடைய கையைப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டு, கச்சேரி முடிந்ததும் வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனாள். அந்தக் கதையை மாமி எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

குழந்தைகள் வெளியூர் போன பிறகு மாமி சத்தமில்லாமல் ஆன்லைனில் பாட்டு கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். நன்றாகவே வந்திருக்க வேண்டும். போன நவராத்திரிக்கு முன்னால், உள்ளூர் சபாவின் காரியதரிசி ஜெயலக்ஷ்மி மாமி வீடு தேடி வந்து, கொலு நாட்களில் ஒரு சாயங்காலம் மேடையில் பாடச் சொல்லிக் கேட்டார். ஸ்வர்ணலதா மாமிக்கு ஆசையும் பயமும் ஒன்றாக வந்துவிட்டன. நேராகக் கணவரிடம் போனார்.

"நாளைக்கு ஒரு தடவை ஒக்காந்து முழுக்கக் கேளுங்கோ. நீங்க சரின்னா பாடறேன். இல்லேன்னா மாமியண்ட வேண்டாம்னு சொல்லிடறேன். எனக்கு உங்க காதுமேலதான் நம்பிக்கை."

"ஆஹா, பேஷா" என்றார் இவர்.

மறுநாள் காலையில் மாமி கூடத்தில் பாய் விரித்து, போனில் சுருதியை வைத்து, கண்ணை மூடிப் பாடினார். எதிரே நாற்காலியில் கல்யாணராமன், தலையில் தோர்த்து. அதே நேரத்தில் அவருடைய அபிமானப் பாடகர் எங்கோ வெளிநாட்டில் பாடுவது நேரலையில் வந்துகொண்டிருந்தது. பிறகு கேட்கப் பதிவு கிடைக்காதாம். இவள் வீட்டிலேயே இருக்கிறவள், இவள் பாட்டை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைத்தாராம். அவரே என்னிடம் சொன்ன வார்த்தை இது. சொல்லும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மாமி பாடியது ஆதி தாளம். காதுக்குள் ஓடியதும் ஆதி தாளம்தான், ஆனால் நிதானமான நடை. அவர் கை, தன் பழக்கத்தில், காதுக்குள் கேட்ட பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்வரம் பாடுகிற இடத்தில் மாமி கண்ணைத் திறந்தார். கணவரின் கை வேறு எங்கோ விழுகிறது, தன்னைவிட மெதுவாக, அழுத்தமாக. ஐயோ, ஓடுகிறேன் போலிருக்கிறதே என்று பதறிப்போய் அந்தக் கையைப் பிடிக்கப் பார்த்தார். அதுவரை ஒழுங்காக நின்ற தாளம் அப்போதுதான் நிஜமாகவே கைவிட்டுப் போயிற்று. எப்படியோ முடித்தார்.

"பேஷ், பேஷ்" என்றார் கல்யாணராமன். பேஷ் சொன்னது அங்கே பாடியவருக்கு.

மாமி பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எர்ணாகுளத்தில் ஒரு கச்சேரி. நானும் அவரும் மட்டாஞ்சேரியிலிருந்து வாட்டர் மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தோம். ஜெயலக்ஷ்மி மாமியும் அதே படகில் இருந்தார். "ஸ்வர்ணம் வேண்டாம்னு சொன்னதுல எனக்கு ரொம்ப வருத்தம், கேட்டேளா" என்று ஆரம்பித்தார். "ஆனா நீங்களே கையால தாளம் போட்டுத் தப்பைக் காட்டிட்டேள்னா பின்னே நான் எப்படி வற்புறுத்தறது? 'வாயால ஒரு வார்த்தை சொல்லலை அவர், மனசு நோகப்படாதுன்னு பேஷ்னுகூடச் சொன்னார்' அப்படீன்னு உங்களைப் பெருமையாத்தான் சொன்னா. அந்த எடத்தைப் பள்ளுருத்திலேர்ந்து வர ஒரு பொண்ணுக்குக் குடுத்தாச்சு."

கல்யாணராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கச்சேரியில் காம்போதி பிரமாதமாக வந்தது. அந்தத் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. இடைவேளையில் என்னை வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"பாவி, நான் அவ பாட்டை ஒரு அக்ஷரம் கேக்கலைடா. அவ தாளம் தப்பினான்னு ஊரெல்லாம் ஆயிடுத்து."

"இப்பவே வீட்டுக்குப் போய் மாமிகிட்ட சொல்லிடுங்கோ" என்றேன்.

போனார். ஆனால் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இயர்பட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கேட்காமலேயே தேங்காய் வாங்கி வந்தார், உரித்தார், துருவியும் கொடுத்தார். மாமிக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் சூடாகக் கிடைக்கிற கடைக்கு வெயிலில் நடந்து போனார். உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று மாமிக்கே சந்தேகம் வந்துவிட்டது. குற்றம் செய்தவர் தேங்காய் துருவிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? மாமியின் தாளம் சரியாக இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், தான் கேட்கவில்லை என்றும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது பாதிக்குப் பயந்து முதல் பாதியையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

அவரால் தாங்க முடியாமல் போனது ஒரு காலை வேளையில். அடுக்களையில் மாமி போனில் தாளம் தட்டுகிற ஏதோ ஒரு ஆப்பைப் போட்டு வைத்து, சமையல் மேடைமேல் கையால் தட்டிக்கொண்டு, சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிற சரளி வரிசையைப் பாடிக்கொண்டிருந்தார். முதலிலிருந்து. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"லதா, அதை நிறுத்து" என்றார் இவர்.

"ஏன்னா, இப்பவும் ஓடறேனா?"

"இல்லைடி. நீ ஓடவே இல்லை. அன்னிக்குத் துண்டுக்குள்ள காதுல வேற கச்சேரி ஓடிண்டிருந்தது. என் கை போட்டது அந்தத் தாளம். உன்னோடது இல்லை. தப்பு என் பேர்ல."

மாமி அடுப்பை அணைத்தார். அவர் கத்துவார் என்று இவர் எதிர்பார்த்தாராம். மாமியின் முகம் மலர்ந்தது.

"நெஜம்மாவா? அப்போ என் தாளம் தப்பலையா? என்னண்ட தாளமே இல்லையாக்கும், இத்தனை வருஷம் வீணா ஆசைப்பட்டுட்டேனேன்னு எப்படிப் பயந்து போனேன் தெரியுமா?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவருக்கு அப்பாடா என்று இருந்தது. இத்தனை சுலபமாகவா முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

"அப்போ நன்னாப் பாடினேனா?" என்று கேட்டார் மாமி.

ஒரு சங்கதியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய மனிதர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம். நாக்கு புரளவில்லை.

மாமிக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"இப்போ பாடேன், லதா. ஒக்காந்து கேக்கறேன். சத்தியமா."

"வேண்டாம். அன்னிக்குப் பாடினது உங்களுக்காக. இனிமே நான் பாடறது எனக்கு. எலை போடறேன், சாப்பிட வாங்கோ."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு உண்டு, பேச்சு உண்டு, தன்யா போனில் வந்தால் மூவருமாகச் சிரிப்பதும் உண்டு. மாமி தினமும் சாயங்காலம் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறார். வரும் நவராத்திரிக்கு ஜெயலக்ஷ்மி மாமி மறுபடி கேட்டிருக்கிறார், ஸ்வர்ணலதா மாமியும் சரி என்றுவிட்டாராம். கணவரிடம் அதைச் செய்தியாகத்தான் சொன்னார்.

கல்யாணராமன் அந்த நேரத்தில் எங்கும் போவதில்லை. நேரலையும் கிடையாது. மூடிய கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் நான் போனபோது உதட்டில் விரல் வைத்து என்னையும் உட்காரச் சொன்னார். உள்ளே மாமி ஸஹானா பாடிக்கொண்டிருந்தார். எனக்கே மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எப்படிப் பாடறா பாத்தியா? தாளம் கல்லு மாதிரி நிக்கறது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாமிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. 'அப்படியா'ன்னுட்டு துணி மடிக்கப் போயிட்டா."