பிளாஸ்க்கில் மிஞ்சிய காபி

பின்லாந்தின் கெமி ஊரில், பிளஸ் டூ படிக்கும் பிஹ்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக விளம்பரம் பார்க்க முடியாது. "இது பயமுறுத்தல், இது ஐஸ் வைக்கிறது" என்று ஒவ்வொரு வரியின் தந்திரத்தையும் புட்டுப் புட்டு வைத்துவிடுவாள்.

இறுதித் தேர்வில், காபியை விட்டுவிடச் சொல்லும் கட்டுரை ஒன்றைக் கொடுத்து அலசச் சொன்னார்கள். மகராசி அதைக் கிழித்துத் தொங்கவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அளந்தாள்.

நாள் முழுக்க நடக்கும் தேர்வுக்குக் கொடுத்தனுப்பிய பிளாஸ்க்கை அம்மா திறந்தாள். காபி தளும்பியது.

"ஏண்டி, ஒரு வாய்கூடக் குடிக்கலையா?"

"காபிய விட்டுட்டேம்மா. உடம்புக்கு ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"அந்தக் கட்டுரையிலதான்."

"அது பூரா பசப்புன்னு இப்பத்தானேடி சொன்னே?"

"பசப்புதாம்மா. ஆனா எவ்வளவு அழகாப் பசப்பியிருக்கான் தெரியுமா!"