பூட்டாமல் விட்ட பதினோராவது போன்

சால்வென்ட் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி நம் செபக்கூட்டத்தில் பொய்ச்சாட்சி சொன்னார். போன மாதம் முதல் சனிக்கிழமை மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். கைதட்டவில்லை.

ஆண்டவர் தனக்கு ஞானம் கொடுத்தாராம். அந்த ஞானத்தில் கம்பெனிக்கு நல்ல போன்களை வாங்கிப் போட்டாராம். அந்தப் போன்கள் ஒரு உயிரைக் காப்பாற்றியதாம். உயிர் பிழைத்தது உண்மை. ஆண்டவர் காப்பாற்றியதும் உண்மை. நடுவில் தன்னைச் செருகினார் பாருங்கள், அது பொய்.

அவர் பெயரை எழுதினால் நம் கோயில் பங்கு இதழில் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எழுதவில்லை. அவர் நம் பங்குக்காரர், உங்களுக்கே தெரியும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான்.

என் பெயர் பிலோமினா. ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். கம்பெனிகளுக்கு போனும் கேமராவும் மாட்டித் தரும் ஒரு கான்ட்ராக்டரிடம் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். என்னோடு கேபிள் இழுக்கிறவர் அன்சாரி பாய். அவர் ஏணியில், நான் லேப்டாப்பில். ஒன்பது வருஷமும் அப்படித்தான்.

போன வருஷம் ஆடி மாதம் அந்தக் கம்பெனி வேலை வந்தது. பெயின்ட்டில் கலக்கிற சால்வென்ட் செய்கிற இடம். ஒரு தீப்பொறி போதும், எல்லாம் போய்விடும். அதனால் கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே ஏதாவது நடந்தால் வெளியே சொல்ல வழி கிடையாது. அதற்குத்தான் இந்த பேஜிங் போன். இன்டர்நெட் கேபிளில் ஓடுகிற போன். தீப்பொறி வெளியே வராதபடி கனமான அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும். ரிசீவரை எடுத்துச் சிவப்புப் பட்டனை அழுத்திப் பேசினால் கம்பெனி முழுக்க இருக்கிற ஹார்ன்களில் கேட்கும். பம்ப் சத்தத்திலும் கேட்கும். மொத்தம் பதினோரு போன் மாட்டினோம். பெட்டிக்குள் கேபிள் நுழைகிற இடத்தை பாய் ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பார்ப்பார். பார்த்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை திருகுவார்.

"போதும் பாய், பெட்டி அழுவுது" என்பேன்.

"அழுதா பரவால்லம்மா. வெடிச்சாதான் பேஜாரு" என்பார்.

மாட்டி இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி முன்னால் நடந்து போன்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எல்லா ஹார்னிலும் ஒரு குரல் வந்தது.

"யோவ் குமாரு, வடை கீதா? நாலு எடுத்து வையி. ஆறிப்போனத வெக்காத."

கேன்டீனுக்குப் பேசுகிறேன் என்று நினைத்து யாரோ ஊருக்கே பேசிவிட்டார். வந்தவர்களே சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டார். எல்லாப் போனுக்கும் பூட்டுப் போடச் சொன்னார். ரிசீவரை எடுத்ததும் போன் நாலு எண் ரகசியக் கோடு கேட்க வேண்டும். போடாவிட்டால் எங்கேயும் பேச முடியாது. கோடு ஷிஃப்ட் ஆபீசருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

"சார், அவசரத்துக்கு லேபர் எடுத்தா இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"நீ போன் மாட்ட வந்தியா, எனக்கு சேஃப்டி சொல்லித்தர வந்தியா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பூட்டைப் போட்டேன். இதை நான் மறைக்கப்போவதில்லை. அவர் சொன்னார், நான் செய்தேன். என் விரல்தான் அழுத்தியது.

ஒவ்வொரு போனாக லேப்டாப்பில் திறந்து பூட்ட வேண்டும். பத்து முடிந்தது. பதினோராவது, பின்பக்கம் காலி டிரம் அடுக்கி வைக்கிற இடத்தில் இருக்கிறது. போன் பேசியது, ஆனால் என் லேப்டாப்பில் மட்டும் அது வரவில்லை. மணி மூன்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம் வாம்மா, கண்ணு இருட்டுது" என்றார் பாய். என் தாளில் பதினொன்றுக்கு நேரே "அப்புறம்" என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் என்பது வரவே இல்லை. நான் மறந்துபோனேன்.

நாங்கள் போன பிறகு அதிகாரி தன் ஆபீஸ் ஆளை வைத்துக் கோடு எண்ணையும் மாற்றிவிட்டார். வெளியாளுக்குத் தெரியக் கூடாதாம். அதனால் என்னிடம் இருந்த எண்ணும் செல்லாது.

ஐப்பசியில் மறுபடி கூப்பிட்டார்கள். டிரம் நிரப்புகிற ஷெட்டில் ஒரு ஹார்ன் கரகரக்கிறதாம். செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். நல்ல மழை. கேட்டில் அனுமதிச் சீட்டு வாங்கி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனோம். லேப்டாப்பை ஷெட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. நான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் தகரத்தடியில் நின்றேன். பாய் ஏணியோடு உள்ளே போனார்.

அந்த ஷெட்டில் இரண்டு பேர் செய்கிற வேலையை அன்று ஒரே ஆள் செய்துகொண்டிருந்தார். அவரும் காலி டிரம் உருட்டிவரப் போயிருந்தார். அந்த நேரத்தில் ஒரு டிரம் நிரம்பி வழிய ஆரம்பித்தது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அது தெரியாது. திடீரென்று நெயில் பாலிஷ் வாசனை வந்தது. பாய் ஏணியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார். குடித்தவர் மாதிரி நடந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வராதே என்கிறார். அப்படியே மடங்கி வாசற்படியில் விழுந்தார்.

நான் உள்ளே ஓடியிருப்பேன். ஓடியிருந்தால் நானும் விழுந்திருப்பேன். சால்வென்ட் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோடு படுத்திருக்கும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். ஒருவர் விழுந்த இடத்தில் மாஸ்க் இல்லாமல் இன்னொருவர் போகக் கூடாது. பதினைந்து அடி தூரத்தில் அவர் கிடக்கிறார். நான் நிற்கிறேன். கத்தினேன். மழையிலும் பம்ப் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்துச் சுவரில் போன் இருந்தது. எடுத்தேன். கோடு கேட்டது. எனக்குத் தெரிந்த எண்ணைப் போட்டேன். தப்பு. ஒன்று இரண்டு மூன்று நான்கு போட்டேன். தப்பு. நாலு பூஜ்யம். தப்பு. மூன்று தடவை தப்பாகப் போட்டால் ஐந்து நிமிஷம் உறைந்துபோகும்படி வைத்தவளும் நானே. அது உறைந்துபோனது.

அங்கே நின்று செபித்தேன். அழகான செபம் கிடையாது. கோபமாகக் கேட்டேன். "ஆண்டவரே, ரெண்டு பொண்ணு பெத்த ஆளு. பூட்டுனது நானு. அவரு ஏன் சாவணும்? தொற. இப்ப தொற." இவ்வளவுதான். மரியாதையாகக்கூடக் கேட்கவில்லை.

உடனே என் கையெழுத்து கண் முன்னால் வந்தது. பதினொன்றுக்கு நேரே எழுதிய "அப்புறம்".

ஓடினேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். வேறு யாராவது வந்து அதையும் பூட்டியிருப்பார்களோ என்று பயந்தேன். காலி டிரம்களுக்கு நடுவில் அந்தப் போன் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. ரிசீவரை எடுத்தேன். கோடு கேட்கவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினேன். அத்தனை ஹார்னும் ஒன்றாகத் திறந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"டிரம் ரொப்புற ஷெட்டுல ஆள் விழுந்துட்டாரு. சால்வென்ட் கொட்டிகிது. பம்ப நிறுத்துங்க. அங்க எந்த சுவிச்சயும் தொடாதீங்க. மாஸ்க் போட்டுகினு வாங்க."

இரண்டு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு பட்டனை விட மறந்துவிட்டேன். "மாதாவே, எங்க பாய காப்பாத்து, மாதாவே" என்று அழுததும் கம்பெனி முழுக்கக் கேட்டிருக்கிறது. கன்ட்ரோல் ரூமில் இருந்த ஆள் பம்ப்பை நிறுத்தினார். இரண்டு பேர் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போய் பாயைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது. இருக்கிறது என்று சொல்லுமளவுக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அவர் மனைவி நூர்ஜஹான் அக்காவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் தஸ்பீஹ் மணி, என் கையில் செபமாலை. பூட்டினது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மணி உருட்டுவதை நிறுத்தவில்லை.

"அத அப்பறம் பேசிக்கலாம். நான் அல்லாகிட்ட கேக்கறேன், நீ மாதாகிட்ட கேளு. இப்ப வாய் சும்மா இருக்கக் கூடாது" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பாய் கண் திறந்தார். என்னைப் பார்த்து, "அந்த ஹார்ன் மூடிய டைட்டு பண்ணியா?" என்று கேட்டார். நூர்ஜஹான் அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நான் வராண்டாவுக்குப் போய் முழங்காலில் விழுந்தேன்.

அன்று மாலையே பாதுகாப்பு அதிகாரி ஆப்பிளோடும் ஒரு தாளோடும் வந்தார். விசாரணைக்காம். எல்லாப் போனும் சரியாக வேலை செய்தது, ஒப்பந்த ஆள் அன்சாரி அனுமதி இல்லாமல் உள்ளே போனார் என்று அடித்திருந்தது. கீழே "சாட்சி" என்று போட்டு என் பெயர்.

"கையெழுத்து போடும்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"பூட்டப் பத்தி எங்க சார் எழுதியிருக்கு?"

"ஆளுதான் பொழச்சிகிட்டாரே. அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"கேட்ல சீட்டு வாங்கினுதான் சார் போனோம்."

"பிலோமினா, நாம ஒரே கோயிலுக்குப் போறவங்க. யோசிச்சிப் பேசு."

"அதனாலதான் சார் போட மாட்டேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த திங்கள் என் கான்ட்ராக்டர் இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். சரி என்றேன். இப்போது நானும் பாயும் சொந்தமாக வேலை எடுக்கிறோம். அரியாங்குப்பத்தில் ஒரு மரக்கடைக்கு கேமரா, பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு குடோனுக்கு போன் என்று ஓடுகிறது. பாய்க்கு ஏணி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. ஏணியில் நான் ஏறுகிறேன். கீழே நின்று குறை சொல்கிறார். அவசரப் போனைப் பூட்டச் சொல்கிற வேலையை நான் எடுப்பதில்லை. யார் சொன்னாலும், எந்தக் கோயிலுக்குப் போகிறவர் சொன்னாலும் எடுப்பதில்லை. முன்னே எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஆண்டவர் கொடுத்தது.

இதைச் சாட்சியாகச் சொல்கிறேன் என்று போனபோது, செபக்கூட்டம் நடத்துகிற ரோஸ்லின் அக்கா என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"ஆண்டவரு செஞ்சத மட்டும் சொல்லு பிலோ. மனுஷன் செஞ்சத விட்டுடு."

"பூட்டுனத விட்டுட்டா, அவரு எதத் தொறந்தாருன்னு சொல்றது அக்கா?"

"தூய ஆவியாருதான் அந்தப் போன ஒன்ன மறக்க வெச்சாரு. அப்படிச் சொல்லு, அழகா இருக்கும்."

அழகுக்காகச் சொல்ல மாட்டேன். நான் பசியில் மறந்தேன். என் கீழ்ப்படிதலால் பாய் கிட்டத்தட்டச் செத்தார். என் மறதியால் பிழைத்தார். அந்த மறதியைக் கையில் எடுத்து வேலை செய்தவர் ஆண்டவர். என்னிடம் காட்டிக்கொள்ள நல்லது எதுவும் இல்லை என்பதால்தான் எல்லாப் புகழும் அவருக்கே என்று என்னால் துணிந்து சொல்ல முடிகிறது. உங்களிலும் யாராவது மூடின கதவு முன்னால் நின்றுகொண்டிருக்கலாம். வார்த்தை தேடாதீர்கள். தகுதி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். அவர் கேட்கிறார். நான் கேட்டேன், திறந்தார்.

ஆனால் இன்றைக்கும் அந்தக் கம்பெனி கேட்டில் அன்சாரி பாயின் போட்டோவை ஒட்டி வைத்திருக்கிறார்கள். விதி மீறியவர், உள்ளே விடாதே என்று கீழே எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் அவரை கேட்டிலேயே திருப்பி அனுப்புகின்றன.

அதனால் சார், உங்களிடம்தான் கேட்கிறேன். நீங்கள் சாட்சி சொன்ன மைக் அதே இடத்தில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், இதே ஜனங்கள் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து வாருங்கள். பாயும் நூர்ஜஹான் அக்காவும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் பெஞ்சில் உட்கார வைப்பேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பூட்டச் சொன்னது யார்? எண்ணை மாற்றியது யார்? சீட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு, உங்கள் ஹார்னைச் சரிசெய்ய உள்ளே போன அன்சாரி பாய் மீறிய விதி எது?