நாலாம் மாடியில் நடந்த கூட்டம்

லிஃப்ட் நின்று பதினெட்டு நாளாகியிருந்தது. அன்று காலை, இரண்டாம் மாடியில் இருக்கும் நோர்வேஜிய அம்மா படியேறி வந்து, வியாழக்கிழமை மாலை தங்கள் கட்சிக் கூட்டம் இருக்கிறது, நீயும் கட்டாயம் வரவேண்டும் என்றார். எங்கள் வீடு நாலாம் மாடியில். நான் எட்டு வருடமாக மின்சாரச் சக்கர நாற்காலியில் இருப்பவள். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. நெற்றியில் கை வைத்தார்.

"மறந்துபோனேன்," என்றார்.

"எனக்கு மறக்க வழியில்லை," என்றேன்.

நோர்வே மொழியில் பெரியவர், சிறியவர், மந்திரி, தபால்காரர் எல்லோருக்கும் 'நீ'தான். அவருக்கு எழுபத்தாறு வயது, எனக்கு ஐம்பத்துநாலு. தமிழில் என்றால் அவரை நீ என்று கூப்பிட என் நாக்கு எழும்பாது. நோர்வே மொழியில் பன்னிரண்டு வருடமாக நீ என்றே கதைத்துக்கொள்கிறோம். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கிழமைக்கு இரண்டு தரம் மேலே வந்து என்னோடு கோப்பி குடிப்பார். ஹவுகன்ஸ்டுவா என்ற இந்தப் பகுதியில் இருக்கும் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கும் எனக்கும் தெரியாமல் எதுவும் இல்லை. அவர் நடந்து திரிந்து அறிவார், நான் ஜன்னலால் பார்த்து அறிவேன்.

கூட்டத்தில் என்ன விஷயம் என்று கேட்டேன். சற்றுத் தயங்கித்தான் சொன்னார். தீராத நோயால் வருந்துகிறவர் சாவுக்கு உதவி கேட்டால் மருத்துவர் உதவலாம் என்று ஒரு சட்டம் வரவேண்டும். அப்படியொரு தீர்மானத்தை எங்கள் பகுதிக் கிளை மாநாட்டுக்கு அனுப்புவதா இல்லையா என்று வாக்கெடுக்கப் போகிறார்கள். தீர்மானத்தை எழுதியவரே அவர்தான்.

ஏன் எழுதினார் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய கணவர் நுரையீரல் புற்றுநோயில் போனவர். கடைசி மூன்று கிழமையும் மூச்சுக்காக அந்த மனிதர் பட்ட பாட்டை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த நாட்களில் ஒருநாள் என் சமையலறைக்கு வந்து, மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார்.

"நான் வந்தால் எதிராகத்தான் பேசுவேன்," என்றேன்.

"தெரியும். அங்கே வருகிற எல்லோரும் நடக்கிறவர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை."

அவர் போன பிறகு சாவுக்கு உதவி என்ற அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். நோர்வே மொழியில் அதைச் சாவுதவி என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுதவி, உதவிக் கருவி என்று நகரசபையிலிருந்து எனக்கு வரும் கடிதங்களிலும் அதே உதவிதான். குளிப்பாட்டிவிட ஆள் கேட்டு நான் எழுதிய முதல் விண்ணப்பத்துக்கு இரண்டு தரம் இல்லை என்று பதில் வந்தது. மூன்றாவது தரம் முறையீடு செய்துதான் கிடைத்தது. அப்படியிருக்க இந்த உதவியை மட்டும் இவ்வளவு அக்கறையாகத் தர நிற்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

எனக்கு எம்.எஸ். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையை உடலே அரித்துக்கொண்டு போகும் நோய். சிறுவர் பள்ளியில் வேலை செய்த காலத்தில், ஒரு பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றைக் கட்ட முடியாமல் விரல்கள் மரத்து நின்றபோதுதான் முதலில் தெரிந்தது. பிறகு கால்கள் போயின. இப்போது இடது கை ஓரளவுக்கு, வலது கை கரண்டி பிடிக்கும் அளவுக்கு. காலையில் ஒரு போலந்துப் பெண் உதவியாளராக வருவாள். மற்ற நேரமெல்லாம் என் கணவர். அவர் பேருந்து ஓட்டுகிறார்.

அன்று பின்னேரம் வேலையால் வந்தவரிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்கென்ன, ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாறன். உம்மைத் தூக்கிக்கொண்டு இறக்குவம்," என்றார்.

லிஃப்ட் நின்ற ஆறாம் நாள், வைத்தியசாலைக்குப் போவதற்காக அம்புலன்ஸ்காரர் இருவர் என்னை ஒரு மடிப்புக் கதிரையில் கட்டி, எட்டுத் திருப்பம் இறக்கினார்கள். நல்ல பையன்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவருடைய கதவு திறந்து மூடியது. திரும்பி வரும்போதும் அப்படியே.

"சாக்கு மூட்டை மாதிரிப் போய் இறங்கி, அங்கை இருந்து கண்ணியத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டேன்.

அவர் மேற்சட்டையைக் கொழுவிவிட்டு வந்து என் காலைத் தூக்கிச் சரியாக வைத்தார்.

கீழ்வீட்டு நோர்வேஜிய அம்மாவுக்குத் தொலைபேசியில் என்னால் வர முடியாது என்று சொன்னேன். வேண்டுமென்றால் ஒரு கடிதம் தருகிறேன், நீ அதை வாசி என்றேன். "உன்னால் வர முடியாது. ஆனால் மற்றவர்களுக்குக் கால் இருக்கிறதுதானே," என்றார். அடுத்த நாள் வந்து, உனக்குச் சம்மதமென்றால் கூட்டத்தை உன் வீட்டிலேயே வைக்கலாம், கிளைத் தலைவரிடம் கேட்டுவிட்டேன் என்றார்.

கணவரிடம் சொன்னேன்.

"எத்தினை பேர் வருவினம்?"

"பதினைஞ்சு பேர் மட்டில."

"அப்ப உருளைக்கிழங்கு வைச்சுப் பொரிச்சு ரோல்ஸ் போடுவம். வெறும் கோப்பியோட அனுப்பக்கூடாது."

"அவையள் என்னைச் சாகவிடலாமோ எண்டு வாக்குப்போட வருகினம். நீங்கள் ரோல்ஸ் போடப் போறியள்."

"வீட்டுக்கு வாற ஆக்கள்தானே," என்றார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வந்தார்கள். படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் முதலில் வந்தது, பிறகு ஆட்கள். வாசலில் பனிச் சப்பாத்துகள் குவிந்தன. காலுறைகளோடு வரவேற்பறைக்குள் நுழைந்து, எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சிலர் சோபாவில், சிலர் சாப்பாட்டுக் கதிரைகளில், இரண்டு பேர் மாதா படத்துக்குக் கீழே தரையில். ஒரு பெரிய மனிதரின் காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. அவர் அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகு என் பயம் பாதி குறைந்தது.

கீழ்வீட்டு அம்மா தீர்மானத்தை வாசித்தார். தன் கணவரைப் பற்றியும் சொன்னார். நன்றாகவே சொன்னார். குரல் ஓரிடத்தில்தான் உடைந்தது. அதன் பிறகு ஓட்டைக் காலுறைக்காரர் பேசினார். "எனக்கு என் முடிவு என் கையில் இருக்கவேண்டும். ஒருநாள் மலசலகூடத்துக்குக்கூட மற்றவர் தயவில் போகவேண்டி வந்தால்..." என்று தொடங்கினவர், என்னைக் கண்டு நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது.

"பரவாயில்லை, சொல்லுங்கள்," என்றேன். "எனக்கு எட்டு வருடமாக மற்றவர்கள்தான் கழுவுகிறார்கள். முதல் மாதம் அழுதேன். இப்போது கழுவும்போது வானொலி கேட்பேன்."

ஒரு பெண் மெல்லச் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கலாமா என்று பார்த்தார்கள்.

தலைவர் என்னைப் பேசச் சொன்னார். எழுதி வைத்திருந்த தாள் மடியில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"நீங்கள் சுவரில் மாதா படத்தைப் பார்த்துவிட்டு, இவள் கத்தோலிக்கப் பெண், அதனால்தான் எதிர்க்கிறாள் என்று நினைப்பீர்கள். நான் மாதா கோவிலுக்குப் போகிறவள்தான். ஆனால் இன்றைக்குச் சொல்லப்போவது அதிலிருந்து வருவதில்லை. லிஃப்ட் நின்ற ஒன்பதாம் நாளைப் பற்றிச் சொல்கிறேன்," என்றேன்.

அந்த ஒன்பதாம் நாள் என் உதவியாளருக்குக் காய்ச்சல். பதில் ஆள் அனுப்ப முடியவில்லை என்று தகவல் வந்தது. கணவர் விடியற்காலை வேலைக்குப் போய்விட்டார், இடையில் விட்டுவிட்டு வர முடியாது. மத்தியானம் இரண்டு மணிவரை கட்டிலில் கிடந்தேன். புரண்டு படுக்க என்னால் முடியாது. தண்ணீர் உறிஞ்சும் குழாய் வாயிலிருந்து நழுவிவிட்டது, தொலைபேசியும் கைக்கு எட்டவில்லை. லிஃப்ட் எப்போது சரிவரும் என்ற அறிவித்தலைக் கீழ் வாசலில் ஒட்டியிருந்தார்கள். கணவர் அதைப் படமெடுத்துக் காட்டியிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு பாகம் வரவேண்டும், திகதி தெரியாது என்று அதில் இருந்தது.

"அப்போது நான் மிகவும் அமைதியாக யோசித்தேன்," என்றேன். "அழவில்லை, கோபமில்லை. நான் இல்லாவிட்டால் இந்த மனிதர் வேலையால் ஓடி வரத் தேவையில்லை. பின்னேரம் ஒரு நடை போகலாம். பேர்கனில் இருக்கும் மகளிடம் போய் ஒரு கிழமை நிற்கலாம். நான் போனால் எல்லோருக்கும் லேசு என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அன்றைக்கு ஒரு மருத்துவர் அந்தப் படிகளில் ஏறி வந்து, விருப்பமா என்று கேட்டிருந்தால், தெளிவான குரலில் ஓம் என்றிருப்பேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்றும் சொல்லியிருப்பேன். அது உண்மைதான். ஒருவரும் வற்புறுத்தவில்லை. ஒருவரும் வரவில்லை."

சமையலறையில் கணவர் ரோல்ஸ் பொரிக்கும் சத்தம் நின்றதை அப்போதுதான் கவனித்தேன்.

ஜன்னலோரம் இருந்த இளம் பெண், தான் ஒரு மருத்துவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "அப்படி ஒரே நாளில் நடக்காது. நிபந்தனைகள் இருக்கும். இரண்டு மருத்துவர்கள் வந்து மதிப்பிடுவார்கள்."

"வந்து என்ன எழுதுவார்கள்? தீராத நோய். தானாகப் புரள முடியாது. நாளுக்கு நாள் கூடும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். லிஃப்டைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடமிருக்குமா? உதவியாளருக்குப் பதில் ஆள் வரவில்லை என்று எழுதுவார்களா? உங்களைப் போல நடக்கிற ஒருவர் சாக உதவி கேட்டால், உடனே யாராவது ஓடிவந்து அவரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். நான் கேட்டால், பாவம், விளங்குகிறது என்பார்கள். அந்த 'விளங்குகிறது'தான் எனக்குப் பயம்."

அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

கீழ்வீட்டு அம்மா கேட்டார். "என் கணவருக்கு என்ன சொல்வாய்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே இருந்தது. "அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை," என்றேன். "வலியையும் மூச்சுத் திணறலையும் குறைக்க இன்னும் நிறையச் செய்திருக்கவேண்டும். அதற்கு ஒரு தீர்மானம் எழுது, முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் இந்தச் சட்டத்துக்கு அவரையும் ஒன்பதாம் நாள் என்னையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது."

பிறகு இன்னும் மூன்று நாலு பேர் பேசினார்கள், இரண்டு பக்கமும். தலைவர் கை உயர்த்தச் சொன்னார். நான் அந்தக் கட்சியில் உறுப்பினர் இல்லை, எனக்கு வாக்கில்லை. என் வீட்டில், என் கதிரைகளில் இருந்துகொண்டு அவர்கள் கை உயர்த்துவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆதரவாக ஐந்து கைகள். எதிராக எட்டு. மருத்துவப் பெண் உட்பட இரண்டு பேர் எந்தப் பக்கமும் உயர்த்தவில்லை. ஓட்டைக் காலுறைக்காரர் எதிராக உயர்த்தினார். கீழ்வீட்டு அம்மா ஆதரவாகத்தான் உயர்த்தினார், என்னைப் பார்த்துக்கொண்டே. தீர்மானம் அனுப்பப்படவில்லை.

எனக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. கணவர் ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்றைப் பிய்த்து ஊட்டினார். ஆட்களுக்கு முன்னால் ஊட்டினால் எனக்குப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். அன்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். மிளகாய் கூடிப்போய் ஒருவருக்குக் கண்ணீர் வந்தது. இன்னொருவர் நாலு சாப்பிட்டார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு கணவர் கோப்பைகளைக் கழுவினார். எனக்கு முதுகுதான் தெரிந்தது.

"அந்த ஒன்பதாம் நாள் நினைச்சதை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் அதுக்குப் பிறகு வேலைக்குப் போயிருக்க மாட்டியள்."

"போயிருக்க மாட்டன்தான்."

"அதுதான்."

தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இஞ்சரும், எனக்குப் பின்னேரம் நடக்கப் போக விருப்பமெண்டு ஆர் உமக்குச் சொன்னது? நாள் முழுக்க ரோட்டிலதானே நிக்கிறன். எனக்கு வீட்டை வந்து கதிரையில இருக்கத்தான் விருப்பம்."

நான் சிரித்தேன், பிறகு அழுதேன். அவர் வந்து பக்கத்தில் இருந்தார். இனி அப்படி ஒரு நினைப்பு வந்தால் அன்றைக்கே சொல்லவேண்டும் என்று கேட்டார். ஓம் என்றேன். எட்டு வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அன்று விடியும்வரை இடையில் விழிக்காமல் நித்திரை கொண்டேன்.

அடுத்த நாளே ஓட்டைக் காலுறைக்காரர் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கும் நகரசபைக்கும் காரமாக ஒரு கடிதம் எழுதினாராம். அந்தக் கடிதத்தாலோ, பாகம் வரவேண்டிய நேரத்தில் வந்ததாலோ, பத்து நாளில் லிஃப்ட் ஓடியது. என் உதவியாளர் வர முடியாத நாட்களுக்குப் பதில் ஆள் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

பனி கரைந்து, வழுக்காமலிருக்க வீதியில் தூவிய பொடிக்கற்கள் மட்டும் மிஞ்சிய ஒரு சனிக்கிழமை, போலந்துப் பெண்ணோடு ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குக் குளித்துத் துடைக்கும் துவாய் வாங்கப் போனேன். கடைக்குள் நிற்கும்போது கீழ்வீட்டு அம்மாவின் அழைப்பு வந்தது. அவர் மாநாட்டில் இருந்தார். வேறு கிளைகள் இதே மாதிரித் தீர்மானம் கொண்டுவந்திருந்தன, அவையும் தோற்றுவிட்டன என்றார்.

"உனக்குக் கவலையா?" என்று கேட்டேன்.

"கவலைதான். நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்."

"தெரியும்."

"ஆனால் நீ முதலில் அறியவேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கோப்பிக்கு வரலாமா?"

"வா. கேக் நீ கொண்டுவா," என்றேன்.

தொலைபேசியை உதவியாளர் என் பையில் வைத்தாள். என்ன செய்தி என்று கேட்டாள், சொன்னேன். அவள் என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, இரண்டு துவாய்களைத் தூக்கிக் காட்டினாள். ஒன்று மலிவு. மற்றது தடிப்பானது, விலை கூட, ஆனால் பல வருடம் உழைக்கும் என்றாள். தடிப்பானதில் நாலு எடுக்கச் சொன்னேன்.