இலைக்காக ஓடியவர்

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடியில், இரண்டு சேலைகளுக்கு நடுவே ஒரு ஜோடி ஷூ தொங்கும். நாடா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கும். அடிப்பக்கத்தில் ஆற்றங்கரைச் செம்மண் அப்பியிருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த பால்காரர், "தம்பி காலேஜ்ல சேந்துட்டாப்லயா?" என்று கேட்டார். "இல்லங்க, அது அண்ணியோடது" என்றேன். அவர் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அன்றைக்குப் பாலில் பாதியைத் தரையில் ஊற்றினார்.

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. கணவர் மஸ்கட்டிலும் மகள் சென்னையிலும் இருக்க, நிலத்தையும் மாடுகளையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். அவர் கொல்லையில் ஷூவைக் காயப்போட்டால் கன்றுக்குட்டி நாடாவைத் தின்றுவிடும். அதனால்தான் அது எங்கள் கொடிக்கு வந்தது. நாத்தனார் என்றால் தம்பி பெண்டாட்டி கண்ணைக் கசக்க வேண்டும் என்று ஊரில் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. எனக்கு வாய்த்தவரும் என்னை அழ வைத்திருக்கிறார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதெல்லாம் ஆற்றங்கரையில், மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதது.

எல்லாம் தஞ்சாவூர் டாக்டர் ஒருவர் சொன்னதில் தொடங்கியது. "சர்க்கரை எல்லையில நிக்குதும்மா. கொஞ்சம் நடங்க, இனிப்பக் கொறச்சுக்கோங்க" என்றார் அவர். அண்ணி ஒரு வாரம் நடந்தார். "நடந்தா ரொம்ப நேரமாவுது, வந்து பால் கறக்கணும்" என்று சொல்லி மறுவாரத்திலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டார். பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டிப் போகும் கல்லணைக் கால்வாயை நாங்கள் புதாறு என்போம். அதன் கரைதான் அவருக்கு மைதானம். நாய்க்குப் பயந்து என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நான் தாலுகா ஆபீசில் உட்கார்ந்தே பழுத்தவள். முதல் நாள் மதகு வரைக்கும்கூட ஓட முடியவில்லை. "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுநாளும் போனேன். அப்புறம் பழகிவிட்டது. பழகியபின் விட முடியவில்லை.

அண்ணி ஓட்டத்தில் எவ்வளவு கெட்டியோ, அதே அளவு சாப்பாட்டிலும் கெட்டி. எங்கள் பாதைகளுக்கு ஊர்ப்பெயரே கிடையாது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் முடிவது வடை ரோடு. கிழக்கே, இட்லிக்குக் கடப்பா ஊற்றும் மெஸ்ஸில் முடிவது கடப்பா ரோடு. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் மசிய, சோம்பு வாசத்தோடு அந்தக் கடப்பா வாளியில் வரும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாணப் பெண் கெட்டாள். பாசிப்பருப்பில் கிண்டும் அசோகா அல்வா ஒன்றுதான் ஓடி எட்டாத தூரத்தில், திருவையாற்றில் இருந்தது. அதற்கு மாதம் ஒருமுறை வெட்கப்படாமல் பஸ் ஏறிப் போனோம். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்வாங்க. நான் ரெண்டுக்கும் முந்துறேன், யாருக்கு என்ன?" என்பார். நான் ஒருநாள், நேற்று தின்ற ஜாங்கிரிக்காக இன்று கூடுதலாக ஓடலாமா என்று கேட்டுவிட்டேன். அண்ணி நின்றேவிட்டார். "தின்னதுக்குத் தண்டனையா ஓடாத. ஓடுனதுக்குக் கூலியாத் திங்காத. அது வேற, இது வேற. ரெண்டையும் முடிச்சுப் போட்டேன்னா ரெண்டுமே கசந்துடும்" என்றார். அப்படியானால் ஏன் எல்லாப் பாதையும் பலகாரக் கடையில் முடிகிறது என்று கேட்டதற்கு, "கடை அங்க இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

டாக்டர் சொன்னது குறைத்துக்கொள்ளுங்கள் என்று. குறைத்துக்கொண்டும்தான் இருந்தார். ஆனால் என் வீட்டுக்காரர் காதில் அது தொடாதே என்று விழுந்துவிட்டது. அக்காமேல் உயிர் அவருக்கு. அப்பாவைச் சர்க்கரைக்குப் பறிகொடுத்த பிள்ளை, பயம் இருக்கத்தான் செய்யும். அதற்காக அந்தப் பயத்தை இப்படியா காட்டுவது? தாராசுரத்தில் ஒரு உறவுக் கல்யாணம். பந்தியில் அண்ணி, நான், அடுத்து என் வீட்டுக்காரர், எதிர் வரிசை முழுக்கச் சம்பந்திகள். ஜாங்கிரித் தட்டோடு பரிமாறுகிற ஆள் அண்ணியிடம் வந்தபோது, என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டி எட்டி, அண்ணியின் இலைக்கு மேலே கையை விரித்தார். "அவங்களுக்கு வேணாம்ப்பா, சுகரு" என்றார், எதிர் வரிசைக்கும் கேட்கும்படி. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் "த்சொ" கொட்டினார். அண்ணி ரசம், மோர் எல்லாம் முறையாகச் சாப்பிட்டு முடித்து, வரிசையில் மற்றவர்கள் எழும்வரை காத்திருந்து இலையை மூடினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

திரும்பும்போது வேனில் அண்ணி பேசினார். கத்தவில்லை, பேசினார். "தஞ்சாவூர்ல ஆனி மாசம் டாக்டருங்க எல்லாம் சேந்து ஒரு ஓட்டம் வைக்கிறாங்க. இருவத்தோரு கிலோமீட்டரு. மூணு மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் கணக்கு. நான் அதுல ஓடுறேன். நேரத்துக்குள்ள முடிச்சுட்டேன்னா, அப்புறம் என் எலையப் பத்தி இந்தக் குடும்பத்துல ஒருத்தர் வாயத் தொறக்கக் கூடாது." என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முடிக்கலன்னா?" என்றார். "இனிப்பத் தொடமாட்டேன். நீ கைய நீட்டவே வேணாம்." ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை அத்தனை தூரம் எங்கே ஓடப்போகிறாள் என்று அவர் உடனே சம்மதித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் காலைகள் மாறிவிட்டன. பேச்சு குறைந்தது. வடை ரோடு வடைக்கடையையும் தாண்டி நீண்டது. அண்ணி உடம்பு இறுகிக்கொண்டே வந்தது. அவர் என்னைவிட வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, ஏர் மாடு போல ஒரே சீராக ஓடுவார். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று நான் போனைப் பார்த்துச் சொன்னால், "சரி" என்பார். ஜெயித்துவிடுவோம் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஓட்டத்தன்று விடியும்போதே புழுங்கியது. தஞ்சாவூரில் கிளம்பி, புதாற்றங்கரையோடு மேற்கே போய், பாதியில் திரும்பி வர வேண்டும். திரும்பும் இடத்தைத் தாண்டியபோது எங்கள் கையில் தாராளமாக நேரம் இருந்தது. ஆறு வறண்டு, நடுவில் மணல் வெளுத்துக் கிடந்தது. மேட்டூர் திறந்தாகிவிட்டது, கல்லணையும் திறந்தாகிவிட்டது, தண்ணீர் எந்த நேரமும் வரலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. நாற்றங்கால் விட்டவர்களெல்லாம் வானத்தையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது, என் வீட்டுக்காரர் உட்பட. ஒரு படித்துறைக்குப் பக்கத்தில் நாங்கள் வந்தபோது, கரையில் நின்றவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், மணலுக்குமேல் பழுப்பாக ஒரு கோடு. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது.

புதுத் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கம் யாரும் கடந்து போகமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தொட்டுக் கண்ணில் ஒற்றி, கையில் இருக்கிற பூவோ நெல்லோ போட்டுவிட்டுத்தான் வேறு வேலை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இருந்த வேலை வேறு. "அண்ணி, ஓடிக்கிட்டே கும்புட்டுக்கலாம், வாங்க" என்றேன். அண்ணி அதற்குள் நின்றிருந்தார். "வர்றவள வாசல்ல நிக்க வச்சுட்டு ஓடச் சொல்றியா?" என்றார். தண்ணீர் என்ன, நமக்காகவா ஓடி வரும்? பள்ளம் கண்ட இடமெல்லாம் நிரப்பிக்கொண்டு, அது சாவகாசமாக வந்தது. அண்ணி படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். நான் போனைப் பார்ப்பதும் ஆற்றைப் பார்ப்பதுமாக நின்றேன். டவுன் ஆட்கள் பலர் எங்களைத் தாண்டி ஓடினார்கள். கடைசியில் நுரை படியைத் தொட்டது. அண்ணி குனிந்து அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார், தலையில் இருந்த மல்லிகையை எடுத்துப் போட்டார். என் தலையிலும் தெளித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பிறகு ஈரக் காலில் சாக்ஸ் ஏறவில்லை. ஈரக்கையில் நாடா முடிச்சு நிற்கவில்லை. எழுந்து ஓடினோம், அப்படி ஒரு ஓட்டம் நான் அதற்குமுன் ஓடியதில்லை. ஆனாலும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஓட்டம் முடியும் இடத்து வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். "என்னக்கா இவ்வளவு நேரம்?" என்றார், ஜெயித்த குரலில். "தண்ணி வந்துச்சுடா" என்றார் அண்ணி. என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "எதுவரைக்கும் வந்துருக்கு? தண்ணி கெட்டியா வருதா?" என்று அடுக்கினார், பந்தயத்தை மறந்தே போனார். பாதி வழியிலேயே ஆளுக்குப் போன் போட்டு நாற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், எங்கே வாங்கி வைத்திருந்தாரோ, ஒரு டப்பா அசோகாவைக் கொண்டுவந்து அக்கா முன்னால் திறந்தார். "சாப்புடுக்கா. தண்ணி வந்த நாளு. நீ நிக்காம ஓடியிருந்தாத்தான் எனக்குக் கோவம் வந்துருக்கும்." உண்மையாகத்தான் சொன்னார். அண்ணி டப்பாவை மூடி அவர் பக்கமே தள்ளினார். "நான் தோத்துட்டேன். தோத்தவளுக்கு நீ போட்டா அது பிச்சைடா. இனிப்பத் தொடமாட்டேன்னு சொன்னேன், தொடமாட்டேன். மறுபடி ஓடமாட்டேன்னு சொல்லல."

அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தீபாவளிக்கு அண்ணி அதிரசம் சுட்டார், பாகின் பதத்தைக்கூட நாக்கில் வைக்காமல் விரலால் உருட்டியே பார்த்தார். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை எல்லோருக்கும் வைத்துவிட்டு வெண்பொங்கலோடு எழுந்தார். திருவையாற்று பஸ்ஸில் நாங்கள் ஏறவே இல்லை. என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, விருந்து விசேஷத்துல ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது என்றே சொன்னார். அண்ணி அசையவில்லை. வீம்பு என்றார்கள். வீம்புதான். அடுத்தவர் கை தன் இலைமேல் விரிந்ததை அவ்வளவு சுலபமாக மறக்க முடியுமா? நானாக இருந்தால் அந்தப் பந்தியிலேயே சண்டை பிடித்திருப்பேன்.

அடுத்த ஆனியில் ஓட்டத்துக்கு முன்பே தண்ணீர் வந்து ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம், எதற்கு வம்பு என்று. பாதி தூரம் தாண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். தஞ்சாவூர் எல்லை தெரிகிற இடத்தில் எனக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது. ஒரு காலை ஊன்ற முடியவில்லை, கரையில் உட்கார்ந்துவிட்டேன். "அண்ணி" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "காலை நீட்டி நீவு. தண்ணி குடி. மெதுவா வா" என்று சொல்லிவிட்டு, போய்க்கொண்டே இருந்தார். ஆற்றுக்கு நின்றவர் எனக்கு நிற்கவில்லை பாருங்கள். அவர் முதுகு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு, வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அண்ணி மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து என் ஷூ நாடாவை அவிழ்க்கத் தயாராக இருந்தார். நேரம் மிச்சம் வைத்தே முடித்திருந்தார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் இலை போட்டோம். என் வீட்டுக்காரர் யாரையும் பரிமாற விடவில்லை. அசோகாப் பாத்திரத்தை அவரே தூக்கி வந்து, அக்காவின் இலையில் முதலில் வைத்தார். ஒரு வருடம் கழித்து அண்ணி அதை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நெய் வழிந்த விரலையும் விடவில்லை. நாங்கள் யாரும் பேசவில்லை, பேசக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம். முடித்ததும் என் வீட்டுக்காரர் மறுபடி கரண்டியை நிறைத்துக்கொண்டு குனிந்தார்.

"போதும்டா" என்றார் அண்ணி.

"இன்னும் கொஞ்சம் வச்சுக்கக்கா. நான்தான் ஒண்ணும் சொல்லலையே."

"போதும்னு நான் சொல்றதுக்குத்தான்டா இத்தன தூரம் ஓடுனேன்."

என் வீட்டுக்காரர் கரண்டியை ஏந்தியபடியே நின்றார். அப்புறம் அதை என் இலையில் வைத்தார், கால் பிடித்தவளுக்கும் வயிறு உண்டே.

இப்போது அண்ணி மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் இருக்கிறார். அங்கே கடற்கரையில் ஓடுகிறாராம், வழியில் சுண்டல் இருக்கிறதாம். நான் கரையில் தனியாக ஓடுகிறேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்று பரிமாறுகிறவர்கள், சாப்பிடுகிறவரைக் கேட்டுத்தான் வைக்கிறார்கள், கேட்டுத்தான் நிறுத்துகிறார்கள். புதிதாக வந்த மருமகள்கள் இது இந்தக் குடும்பத்தில் பரம்பரையாக இருக்கிற வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.